மெமோரியல் டே: அமெரிக்கப் போர்வீரர் நினைவு நாளின் தோற்றமும் பொருளும்

மெமோரியல் டே என்பது போர்களில் உயிர்நீத்த படைவீரர்களை நினைவுகூர்வதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசித் திங்கட்கிழமையன்று கடைப்பிடிக்கப்படும் அரசு விடுமுறை நாள். தொடக்கத்தில் இதற்கு டெக்கரேஷன் டே என்று பெயர். கல்லறைகளை மலர்களால் அலங்கரிக்கும் நாள் என்பது அதன் பொருள். நவம்பர் 11 அன்று வரும் வெட்டரன்ஸ் டே வேறு. அது படையில் பணியாற்றிய எல்லோரையும், குறிப்பாக இன்று உயிரோடு இருப்பவர்களைப் போற்றும் நாள். மெமோரியல் டே இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அமெரிக்கர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒரே பாடவேளையில் முடித்துவிடுவேன். லிங்கன், அடிமை முறை ஒழிப்பு, கெட்டிஸ்பர்க், போர் முடிவு, அவ்வளவுதான். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அவ்வளவு பேர் செத்தாங்களே, அவங்களையெல்லாம் யாரு புதைச்சாங்க?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஏதோ சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தபோதுதான், இந்த விடுமுறை நாளின் வரலாறே அவளுடைய கேள்விக்கான விடை என்பது புரிந்தது.

பெயரில்லாத கல்லறைகள்

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அமெரிக்காவின் தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்தன. அதனால் மூண்ட போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம். இறந்த படைவீரர்கள் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை அண்மையில் மறுபடி ஆராய்ந்தவர்கள் அது 7,50,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு இரண்டு பேர். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட முகாம்களில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் போன்ற நோய்களால் செத்தவர்களே அதிகம்.

இத்தனை சாவுகளை எதிர்கொள்ள எந்த ஏற்பாடும் அந்நாட்டில் இருக்கவில்லை. படைவீரர்களுக்கு அடையாளத் தகடு வழங்கும் வழக்கம் இல்லை. பெரிய சண்டைக்கு முந்தைய இரவில் சிலர் தம் பெயரையும் ஊரையும் தாளில் எழுதிச் சட்டையின் முதுகுப்புறத்தில் ஊசியால் குத்திக்கொண்டார்கள். வென்ற படை தன் ஆட்களை ஓரளவு ஒழுங்காகப் புதைக்கும். தோற்ற படையின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே குழிக்குள் போவார்கள். இறந்த செய்தியை வீட்டுக்கு முறையாக அறிவிக்கும் பொறுப்பும் யாருக்கும் இல்லை. உடன் இருந்த நண்பன் கடிதம் எழுதினால் உண்டு, இல்லையென்றால் செய்தித்தாளில் வரும் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். போரின்போது காயம்பட்டவர்களுக்கு உதவிய கிளாரா பார்ட்டன், காணாமல் போனவர்களைத் தேடித்தரும் அலுவலகம் ஒன்றை 1865-இல் வாஷிங்டனில் தொடங்கினார். மூன்றாண்டுகளில் அவருக்கு 63,000-க்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. அவரும் உதவியாளர்களும் சுமார் 22,000 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிந்து சொன்னார்கள்.

படைவீரர்களுக்கான கல்லறைத் தோட்டங்களுக்கு நிலம் வாங்க 1862-இல் நாடாளுமன்றம் அதிபருக்கு அதிகாரம் அளித்தது. போர் முடிந்ததும் வயல்களிலும் காடுகளிலும் சாலையோரங்களிலும் கிடந்த வட மாநிலப் படையினரின் உடல்களைத் தோண்டியெடுத்து அத்தோட்டங்களில் மறுபடி அடக்கம் செய்யும் பணி தொடங்கியது. சில ஆண்டுகளில் 3,00,000-க்கும் மேற்பட்ட உடல்கள் எழுபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. அவற்றில் பாதியளவுக்கு மட்டுமே பெயர் தெரிந்தது. ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 1866-இல் கட்டப்பட்ட ஒரே சமாதியின் கீழ் 2,111 பேரின் எலும்புகள் இருக்கின்றன. ஒருவர் பெயரும் தெரியாது.

தோண்டியெடுத்துப் புதைத்த கைகள் யாருடையவை? பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். வட மாநிலப் படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்திருந்தார்கள். துப்பாக்கி பிடித்த காலத்திலும் அவர்களுக்கு மண்வெட்டி வேலையே அதிகம் கிடைத்தது. போர் முடிந்த பிறகும் அதுவே தொடர்ந்தது. என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையின் முதல் பகுதி இது.

சார்ல்ஸ்டன், 1865 மே 1

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுக நகரில்தான் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது. அங்கே பண்ணை முதலாளிகள் கூடிக் களிக்கும் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. போரின் கடைசி ஆண்டில் தென் மாநிலப் படையினர் அதைத் திறந்தவெளிச் சிறையாக்கி, பிடிபட்ட வட மாநில வீரர்களை ஓடுபாதையின் நடுவே அடைத்துவைத்தார்கள். கூரை கிடையாது. நோயில் விழுந்து குறைந்தது 257 பேர் இறந்தார்கள். பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவசர அவசரமாக அவர்களைப் புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை.

1865 பிப்ரவரியில் தென் மாநிலப் படை சார்ல்ஸ்டனை விட்டு வெளியேறியது. வசதியுள்ள வெள்ளையர் பலரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் அதுவரை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஏப்ரல் மாதத்தில் அந்தத் திடலுக்குப் போனார்கள். யாரும் ஆணையிட்டு அனுப்பவில்லை. உடல்களை எடுத்து வரிசையாகத் தனித்தனியே அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் உயரமான வேலி கட்டி வெள்ளையடித்தார்கள். வாயிலில் ஒரு வளைவு அமைத்து, பந்தயத் திடலின் தியாகிகள் என்று எழுதிவைத்தார்கள்.

மே 1 அன்று அங்கே ஏறத்தாழ 10,000 பேர் கூடினார்கள். முன்னால் சென்றவர்கள் 3,000 கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள். எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாக இருந்த ஊரில் சில வாரங்களுக்கு முன்புதான் அவர்களுக்குப் பள்ளி திறந்திருந்தது. கைநிறைய ரோஜாப் பூக்களை ஏந்தி, அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்தியதற்காக 1859-இல் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனைப் பற்றிய பாடலைப் பாடிக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். அடுத்து நூற்றுக்கணக்கான பெண்கள் மலர்க்கூடைகளோடு வந்தார்கள். பிறகு ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் வட மாநிலப் படைப்பிரிவுகள். அவற்றுள் ஒன்று புகழ்பெற்ற 54-ஆம் மாசசூசெட்ஸ் கறுப்பினப் படை. கல்லறைகள் பூக்களால் மூடப்பட்டன. போதகர்கள் வேதம் வாசித்தார்கள். அதன் பிறகு கூட்டம் திடலின் நடுவே கலைந்து அமர்ந்து, கொண்டுவந்த உணவை உண்டு, உரைகளைக் கேட்டு, படையினரின் அணிவகுப்பைப் பார்த்தது.

இந்த நாளை இறைச்சி சுட்டுத் தின்னும் நாளாக்கிவிட்டார்களே என்று அமெரிக்கப் பெரியவர்கள் இன்று குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்த முதல் நாளிலும் சாப்பாடு இருந்தது. விடுதலை கிடைத்து மூன்று மாதம்கூட ஆகாத மக்கள், தங்களுக்காகச் செத்தவர்களின் அருகில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

தென் மாநிலப் பெண்கள்

தேசியக் கல்லறைத் தோட்டங்களில் தென் மாநிலப் படையினருக்கு இடம் தரப்படவில்லை. அரசை எதிர்த்துப் போரிட்டவர்களின் உடல்களை அரசு எடுத்து அடக்கம் செய்யாது என்பது நிலைப்பாடு. எனவே அந்த வேலையை அங்குள்ள பெண்கள் கையில் எடுத்தார்கள். ஊர்தோறும் மகளிர் நினைவுச் சங்கங்கள் தோன்றின. தோற்ற படையின் ஆண்கள் கூட்டம் கூடினால் அரசியல் சந்தேகம் வரும். பெண்கள் பூ வைக்கப் போனால் யார் தடுப்பார்கள்? ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரப் பெண்கள் சங்கத்தின் செயலாளரான மேரி ஆன் வில்லியம்ஸ், ஆண்டுக்கொரு நாள் கல்லறைகளுக்கு மலர் சூட்ட வேண்டும் என்று 1866 மார்ச்சில் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். பல ஊர்கள் ஏற்றன. ஏப்ரல் 26 அதற்கான நாளானது.

மிசிசிப்பி மாநிலத்திலும் கொலம்பஸ் என்ற ஊர் உண்டு. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் தென் மாநில வீரர்களோடு வட மாநில வீரர்கள் சிலரும் கிடந்தார்கள். 1866 ஏப்ரல் 25 அன்று பூக்களோடு போன பெண்கள் இரு தரப்புக் கல்லறைகளிலும் வைத்துவிட்டு வந்தார்கள். இந்தச் செய்தி வடக்கே பரவி, நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் மைல்ஸ் ஃபிஞ்ச் அதைப் பற்றி எழுதிய கவிதை 1867-இல் வெளியாகி நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் மனப்பாடப் பகுதியாயிற்று. நல்ல செயல், நல்ல புகழ். ஆனால் சார்ல்ஸ்டன் பிள்ளைகளின் ஊர்வலத்துக்கு அப்படி ஒரு புகழ் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆணை எண் 11

வட மாநிலப் படையில் இருந்து திரும்பியவர்களின் மாபெரும் சங்கம் கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். அதன் தலைவர் ஜெனரல் ஜான் லோகன் 1868 மே 5 அன்று பொது ஆணை எண் 11-ஐ வெளியிட்டார். மே 30 அன்று எல்லா ஊர்களிலும் வீரர்களின் கல்லறைகளை மலர்களால் அலங்கரிக்க வேண்டும், ஆண்டுதோறும் இது தொடர வேண்டும் என்பது அதன் சாரம். மே 30 எந்தப் பெரிய சண்டையும் நடந்த நாள் அன்று. அந்தப் பருவத்தில் வடக்கிலும் பூக்கள் மலர்ந்திருக்கும் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

லோகனின் மனைவி மேரி அதே ஆண்டு மார்ச் மாதம் வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் நகரின் பழைய தேவாலயக் கல்லறைகளைப் பார்த்தார். அங்கே தென் மாநில வீரர்களின் கல்லறைகளில் பூக்களும் சிறு கொடிகளும் வைக்கப்பட்டிருந்தன. தாம் அதைச் சொன்னதே கணவரின் ஆணைக்குத் தூண்டுதல் என்று அவர் பின்னாளில் எழுதினார். அப்படியானால் வென்றவர்கள் இந்த வழக்கத்தைத் தோற்றவர்களின் பெண்களிடமிருந்து கற்றிருக்கிறார்கள். லோகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1853-இல் கறுப்பின மக்கள் இல்லினாய் மாநிலத்தில் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான். போர் அவரை மாற்றியது. பிற்காலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமையை ஆதரித்தார்.

அந்த மே 30 அன்று ஆர்லிங்டனில் முன்னாள் ஜெனரலும் பின்னாள் அதிபருமான ஜேம்ஸ் கார்ஃபீல்டு உரையாற்றினார். சுமார் 5,000 பேர் வந்திருந்தார்கள். போரில் தந்தையை இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் கல்லறை கல்லறையாகப் பூக்களைத் தூவிச் சென்றார்கள். அந்த இடமே தென் மாநிலப் படைத்தளபதி ராபர்ட் லீயின் மனைவி வழிச் சொத்து. அவர் திரும்பி வந்து குடியிருக்க முடியாதபடி மாளிகையைச் சுற்றிலும் வீரர்களைப் புதைத்திருந்தார்கள். ஆர்லிங்டனில் தென் மாநில வீரர்கள் சிலரும் கிடந்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் அவர்களுடைய குடும்பத்தார் பூ வைக்க வந்தபோது தடுக்கப்பட்டதுண்டு.

நியூயார்க் மாநிலம் 1873-இல் இந்த நாளை அரசு விடுமுறையாக்கியது. 1890-க்குள் வட மாநிலங்கள் எல்லாம் பின்பற்றின. தெற்கு தன் வழியே போயிற்று. அங்கே ஏப்ரல் 26, மே 10, ஜூன் 3 என்று மாநிலத்துக்கு ஒரு நாள். அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் அந்தத் தனி நினைவு நாள் இன்றும் அரசு விடுமுறை.

இந்த வழக்கம் பிறந்த ஊர் எங்களுடையதே என்று உரிமை கோரும் ஊர்கள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. 1866 மே 5 அன்று கடைகளை அடைத்து ஊரே கூடி மலர் சூட்டிய நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூவை 1966-இல் நாடாளுமன்றமும் அதிபர் ஜான்சனும் பிறப்பிடமாக அறிவித்தார்கள். மற்ற ஊர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் போட்டியில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. ஆறு லட்சம் வீடுகளில் சாவு விழுந்த நாட்டில் ஒரே பருவத்தில் பல ஊர்களில் பலர் கையில் பூவெடுத்ததில் வியப்பு என்ன?

எதை நினைப்பது

உண்மையான சண்டை ஊரைப் பற்றியது அன்று, பொருளைப் பற்றியது. அடிமையாகப் பிறந்து தப்பியோடி நாட்டின் தலைசிறந்த பேச்சாளராக உயர்ந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1871 மே 30 அன்று ஆர்லிங்டனில், பெயர் தெரியாத அந்த 2,111 பேரின் சமாதி அருகே பேசினார். அவருடைய மகன்கள் இருவர் 54-ஆம் மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்தவர்கள். நாட்டைக் காக்கப் போரிட்டவர்களையும் அதை உடைத்து அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்கிறார்கள், அதைத் தம்மால் ஏற்க முடியாது என்றார். தோற்றவர்கள்மீது பகை வேண்டாம். ஆனால் இந்தப் போரில் சரியான பக்கம் ஒன்றும் தவறான பக்கம் ஒன்றும் இருந்தன என்பதை மறக்கவும் வேண்டாம் என்பது அவர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து.

நாடு அவர் சொன்னதைக் கேட்கவில்லை. 1877-இல் தெற்கிலிருந்த மத்தியப் படைகள் பின்வாங்கப்பட்டன. கறுப்பின மக்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. அதே வேகத்தில் வெள்ளையர்களான பழைய எதிரிகள் கைகுலுக்கத் தொடங்கினார்கள். இரு பக்கமும் வீரத்தோடு போரிட்டது என்பது பேச்சாயிற்று. எதற்காகப் போரிட்டார்கள் என்பது பேச்சிலிருந்து நழுவியது. ஆர்லிங்டனில் தென் மாநில வீரர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்க 1900-இல் அனுமதி கிடைத்தது. கெட்டிஸ்பர்க் சண்டையின் ஐம்பதாம் ஆண்டான 1913-இல் இரு தரப்பிலிருந்தும் 50,000-க்கும் மேற்பட்ட கிழவர்கள் அதே மைதானத்தில் கூடாரமிட்டுக் கூடினார்கள். அங்கே வந்து பேசிய அதிபர் உட்ரோ வில்சனின் அரசுதான் அதே ஆண்டு மத்திய அரசு அலுவலகங்களில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தது.

செத்த பையன் எந்தப் பக்கத்தவன் என்று பார்த்துப் பூ வைக்கச் சொல்ல எனக்கும் நாக்கு எழாது. தாய்க்கு மகன் மகன்தான். ஆயினும் கல்லறையில் பூ வைப்பது வேறு, பாடப்புத்தகத்தில் காரணத்தை அழிப்பது வேறு. டக்ளஸ் எதிர்த்தது இரண்டாவதைத்தான்.

பிற்காலம்

முதல் உலகப் போரில் 1,16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் இறந்தபின், இந்த நாள் உள்நாட்டுப் போரை மட்டும் குறிக்காமல் எல்லாப் போர்களிலும் இறந்தவர்களுக்கும் உரியதாயிற்று. சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ அணியும் வழக்கமும் அப்போது வந்ததுதான். கனடா நாட்டு ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே எழுதிய கவிதையைப் படித்து நெகிழ்ந்து, 1918 நவம்பரில் அதைத் தொடங்கிவைத்தவர் மொய்னா மைக்கேல் என்ற ஜார்ஜியா மாநிலத்து ஆசிரியை.

1968-இல் இயற்றப்பட்ட சட்டம் 1971 முதல் இந்த நாளை மே 30-இலிருந்து கடைசித் திங்கட்கிழமைக்கு மாற்றியது. சனி, ஞாயிறு, திங்கள் என்று தொடர் விடுமுறை கிடைத்தது. நாளின் கனம் குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனூயே, மே 30-க்கே திரும்ப வேண்டும் என்று 2012-இல் இறக்கும்வரை விடாமல் மசோதா கொண்டுவந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மெமோரியல் டே என்றால் என்ன என்று 1996-இல் பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் கேட்டபோது, நீச்சல் குளங்களைத் திறக்கும் நாள் என்றார்களாம். அதன் விளைவாகவே, அன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் எல்லோரும் அமைதி காக்கும் வழக்கம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆனால் பழைய தலைமுறை ஒழுங்காக இருந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். 1887-இலேயே அதிபர் கிளீவ்லாந்து அந்த நாளில் மீன் பிடிக்கப் போய்விட்டதாகக் கண்டனம் எழுந்தது. இண்டியானாபோலிஸ் கார் பந்தயம் முதன்முதலில் 1911-இல் நடந்ததும் மே 30 அன்றுதான்.

அன்று கொடியை விடிந்ததும் உச்சிவரை ஏற்றி, உடனே அரைக்கம்பத்துக்கு இறக்கி, நண்பகலில் மறுபடி உச்சிக்கு ஏற்றுவார்கள். ஆர்லிங்டனில் அந்த வாரத்தில் படையினர் 2,60,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளின் முன் ஒவ்வொன்றாகச் சிறு கொடி நடுவார்கள்.

மறந்துபோன ஊர்வலம்

சார்ல்ஸ்டனில் நடந்தது என்ன ஆயிற்று? 1916-இல் தென் மாநில மகளிர் அமைப்பு ஒன்றின் நிர்வாகி, இப்படி ஓர் ஊர்வலம் நடந்தது உண்மையா என்று கேட்டு அந்த ஊருக்குக் கடிதம் எழுதினார். அதிகாரப்பூர்வமான தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் போயிற்று. பத்தாயிரம் பேர் நடந்த ஊர்வலம்; ஐம்பது ஆண்டுகளில் தகவல் இல்லை. உண்மையில் அந்த நாளைய செய்தித்தாள்களிலேயே அது வெளிவந்திருந்தது. 1990-களில் வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் முன்னாள் படைவீரர்களின் பழைய தாள்களைப் புரட்டியபோது, முதல் டெக்கரேஷன் டே என்று தலைப்பிட்ட ஒரு கோப்பு அவர் கையில் சிக்கியது. அதன் வழியே அவர் செய்தித்தாள்களைத் தேடிப் படித்து 2001-இல் தம் நூலில் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த 257 பேரின் எலும்புகள் பின்னர் அங்கிருந்து எடுக்கப்பட்டு, அதே மாநிலத்தின் ப்யூஃபர்ட் நகரத்துத் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்கப்பட்டன. வெள்ளையடித்த வேலியும் வளைவும் மறைந்தன. பந்தயத் திடல் பூங்காவாயிற்று. தென் மாநிலக் குதிரைப்படைத் தளபதியாக இருந்து, போருக்குப் பின் மாநில ஆளுநரான வேட் ஹாம்ப்டன் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இன்றும் அதுவே பெயர். 1865 மே 1 அன்று அங்கே நடந்ததைச் சொல்லும் பலகை இப்போது வைக்கப்பட்டிருக்கிறது. பூங்காவைச் சுற்றி ஒரு மைல் நீளத்துக்கு வளைந்து செல்லும் சாலைதான் பழைய குதிரை ஓடுபாதை. காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் அதில் சுற்றிவருகிறார்கள்.